ஒல்வென் என்னும் வெல்ஷ் பெயர்: பொருளும் தோற்றமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒல்வென் என்ற பெயருக்கு என்ன பொருள்?

ஒல்வென் வேல்ஸ் நாட்டில் பெண்களுக்கு இடப்படும் பெயர். கெல்டிக் மொழிகளுள் ஒன்றான வெல்ஷில் ‘ஓல்’ என்றால் சுவடு, ஒருவர் நடந்துபோன தடம். ‘க்வென்’ என்றால் வெண்மை உடையது. இரண்டும் சேர்ந்து ‘வெண்சுவடு’ என்றாகி, அச்சுவட்டுக்கு உரியவளைக் குறிக்கின்றன. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ‘பொற்றொடி வந்தாள்’ என்னும்போது பொன்வளை அவ்வளையை அணிந்தவளுக்கு ஆகி வருகிறது அல்லவா? ஒல்வென் என்பதும் அப்படிப்பட்ட ஓர் அன்மொழித்தொகையே. வெல்ஷில் ‘ஓல்’ ஆண்பாற் சொல். சுவட்டுக்கு மட்டும் அடைமொழி தருவதானால் ‘க்வின்’ என்ற ஆண்பால் வடிவமே பொருந்தும். ஆனால் பெயருக்கு உரியவள் பெண் என்பதால் ‘க்வென்’ என்ற பெண்பால் வடிவம் அங்கே வந்து அமர்ந்திருக்கிறது.

சுவடு எப்படி வெண்மையாக இருக்கும்?

இந்தக் கேள்விக்கான விடையில்தான் இப்பெயரின் உயிர் இருக்கிறது. இடைக்கால வெல்ஷ் கதை ஒன்றில் ஒல்வென் என்ற பெண் நடந்து செல்கிறாள். அவள் அடியெடுத்து வைத்த இடத்திலெல்லாம் அவளுக்குப் பின்னே நான்கு வெள்ளைக் குளோவர்கள் (தரையோடு படரும் சிறு பூச்செடிகள்) முளைத்து எழுகின்றன. அதனாலேயே அவளுக்கு ஒல்வென் என்று பெயர் வந்ததாகக் கதையே வெளிப்படையாகச் சொல்கிறது. பெயருக்குள் பூவும் இல்லை, செடியும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரோஜா, லில்லி, ஹீதர் போன்ற பெயர்கள் மலரை நேரடியாகச் சொல்லிவிடுகின்றன. ஒல்வென் தடத்தையும் நிறத்தையும் மட்டும் சொல்லிவிட்டு மலரைக் கதையிடம் விட்டுவிடுகிறது. கதை தெரியாதவருக்கு இது பனியில் பதிந்த கால்தடமாகத் தோன்றலாம்; கதை தெரிந்தவருக்கோ அந்தப் பாதை முழுவதும் பூத்துக் கிடக்கும்.

‘க்வென்’ என்பது ‘வென்’ ஆனது ஏன்?

இரு சொற்கள் கூடும்போது பின்சொல்லின் முதல் மெய் மென்மையாவது வெல்ஷ் மொழியின் இயல்பு. ‘க்’ என்னும் ஒலிக்கு அந்த மென்மையாக்கம் முழுமையாக மறைந்துபோவதாக அமையும். நம் புணர்ச்சி விதிகளில் ‘மரம்’ என்பதும் ‘வேர்’ என்பதும் சேர்ந்து ‘மரவேர்’ ஆகும்போது மகரம் கெடுகிறது. வெல்ஷில் கெடுவது பின்சொல்லின் தலையில் இருக்கும் மெய் என்பதே வேறுபாடு.

வெண்மை என்பது நிறம் மட்டும்தானா?

இல்லை. ‘க்வின்’, ‘க்வென்’ ஆகிய சொற்கள் வெண்மை, ஒளி, அழகு ஆகியவற்றோடு புனிதத்தையும் நற்பேற்றையும் சேர்த்தே குறிக்கின்றன. இயேசுவின் மலைப்பிரசங்கத்தில் ‘பேறுபெற்றோர்’ என்று தமிழில் நாம் படிக்கும் இடத்தில் வெல்ஷ் பைபிள் ‘க்வின் எய் பீட்’ என்கிறது; சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது ‘அவர்களுடைய உலகம் வெண்மையானது’ என்றாகும். ஆகவே ஒல்வென் என்ற பெயரை ‘பேறுபெற்ற தடம்’ என்றும் கேட்க இடமிருக்கிறது. இப்பெயரைத் தோலின் நிறத்தைப் புகழும் பெயராகச் சுருக்கிவிடுவது இதன் பரப்பைக் குறைத்துவிடும். கதையில் வெண்மை அவளுடைய பாதத்துக்குச் சொல்லப்படவில்லை, பாதம் பட்ட மண்ணில் எழுந்த பூக்களுக்கே சொல்லப்படுகிறது.

அந்தக் கதை எது? எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

‘கில்ஹூக்கும் ஒல்வெனும்’ என்று அழைக்கப்படும் உரைநடைக் கதை அது. இயற்றியவர் பெயர் தெரியாத இக்கதை ஏறத்தாழ 1100ஆம் ஆண்டை ஒட்டி இன்றைய வடிவம் பெற்றது என்பது நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து. ஆர்தர் அரசனைப் பற்றிய உரைநடைக் கதைகளுள் மிகப் பழமையானதாக இது போற்றப்படுகிறது. இரண்டு கையெழுத்துச் சுவடிகள் இதைக் காத்துத் தந்திருக்கின்றன. ஏறத்தாழ 1350இல் எழுதப்பட்ட ‘ரிதெர்க்கின் வெள்ளைப் புத்தகம்’ அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் கதை முழுமையாக இல்லை. 1382க்குப் பின் எழுதப்பட்ட ‘ஹெர்கெஸ்ட்டின் சிவப்புப் புத்தகம்’ கதையை முழுவதுமாகக் கொண்டது. அது ஆக்ஸ்ஃபோர்டின் ஜீசஸ் கல்லூரிக்கு உரியது. பாட்லியன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

கதையில் ஒல்வெனுக்கு என்ன நிகழ்கிறது?

கில்ஹூக் என்னும் இளவரசன் தன் மாற்றாந்தாயின் மகளை மணக்க மறுக்கிறான். அந்தச் சினத்தில் மாற்றாந்தாய், இஸ்பதாதென் என்னும் பேரரக்கனின் மகள் ஒல்வெனைத் தவிர வேறு எந்தப் பெண்ணையும் அவன் அடைய முடியாதபடி ஒரு விதியை அவன்மேல் சுமத்துகிறாள். பெயரைக் கேட்ட அளவிலேயே, முகம் காணாமலே, அவன் உடலெங்கும் காதல் பரவிவிடுகிறது. அவன் தன் உறவினனான ஆர்தரின் அவைக்குச் சென்று உதவி கேட்கிறான். ஓராண்டுத் தேடலில் ஒன்றும் கிட்டாமல் போக, பின்னர் அவனும் ஆர்தரின் வீரர் அறுவரும் புறப்பட்டுச் சென்று, அரக்கனின் கோட்டைக்கு அருகில் கிஸ்தென்னின் என்னும் இடையனின் வீட்டை அடைகிறார்கள். அந்த இடையனின் மனைவி கில்ஹூக்கின் தாயோடு பிறந்தவள். அவளுடைய பிள்ளைகளில் 23 பேரை அரக்கன் கொன்றுவிட்டான். எஞ்சிய ஒருவனை அவள் பேழைக்குள் ஒளித்து வளர்க்கிறாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒல்வென் அந்த வீட்டுக்குத் தலைக்குக் குளிக்க வருவது வழக்கம். குளிக்கும் பாத்திரத்திலேயே தன் மோதிரங்களை எல்லாம் விட்டுச் செல்வாள். அவற்றைக் கேட்டு அவளும் வருவதில்லை, ஆளும் அனுப்புவதில்லை. இந்தச் சிறு செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. போகும் வழியில் பூக்களை விட்டுச் செல்பவள், போன வீட்டில் மோதிரங்களையும் விட்டுச் செல்கிறாள்; எங்கும் எதையேனும் கொடுத்துவிட்டுப் போவதே அவள் இயல்பாகக் காட்டப்படுகிறது.

கில்ஹூக் தன் காதலைச் சொல்லித் தன்னுடன் வந்துவிடும்படி அழைக்கிறான். அவள் போகவில்லை. தான் கணவனோடு செல்லும் நாள்வரைதான் தன் தந்தையின் ஆயுள் என்பதையும், அவர் அறியாமல் செல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதையும் சொல்லிவிட்டு, அவர் எதைக் கேட்டாலும் தருவதாக ஒப்புக்கொள், அப்போதுதான் என்னைப் பெறுவாய் என்று வழியும் காட்டுகிறாள். அரக்கனோ ஏறக்குறைய நாற்பது அரும்பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறான். அவற்றுள் புகழ்பெற்றது தூர்க் த்ருயித் என்னும் காட்டுப்பன்றியின் வேட்டை. அயர்லாந்திலிருந்து கடல் கடந்து வந்து தென் வேல்ஸ் முழுவதையும் அழித்துக்கொண்டு ஓடும் அந்தப் பன்றியின் இரு காதுகளுக்கு நடுவே இருக்கும் சீப்பும் கத்தரிக்கோலும் அரக்கனின் முடியைத் திருத்துவதற்குத் தேவைப்படுகின்றன. கடைசியில் இடையனின் அந்த ஒரே மகன் அரக்கனின் தலையைக் கொய்கிறான். அன்றிரவே ஒல்வென் கில்ஹூக்கின் மனைவியாகிறாள்; அவன் வாழ்ந்த காலமெல்லாம் அவள் ஒருத்தியே அவனுக்கு மனைவியாக இருந்தாள் என்று ஒரே வரியில் கதை முடித்துவிடுகிறது.

அவளைப் பற்றிய வருணனையில் வேறு என்னென்ன இயற்கைப் பொருள்கள் வருகின்றன?

அந்த வருணனையைக் கேசாதிபாதம் என்றே சொல்லத் தோன்றுகிறது. தலைமுடி ப்ரூம் என்னும் புதர்ச்செடியின் பூவைவிட மஞ்சள். மேனி அலையின் நுரையைவிட வெண்மை. உள்ளங்கையும் விரல்களும் ஊற்று பொங்கும் இடத்தில் மலர்ந்த ஒரு செடியைவிட வெண்மை (அந்தச் செடியைக் காட்டு அனிமோன் என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு, சதுப்புநில மூவிலைச் செடி என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு). கண்ணுக்குப் பருந்தும் வல்லூறும் தோற்கும். மார்பு அன்னத்தின் மார்பைவிட வெண்மை. கன்னம் செந்நிற ஃபாக்ஸ்குளோவ் பூவைவிடச் சிவப்பு. இவை அனைத்தும் வேல்ஸின் மலைச்சரிவிலும் ஓடைக்கரையிலும் கடற்கரையிலும் கண்ணால் காணக்கூடியவை. உவமைகள் எல்லாம் முடிந்தபின் பாதத்துக்கு வரும்போது ‘இதைப்போல’ என்ற பேச்சே இல்லாமல் போகிறது. அதுவரை அவள் பூக்களைப் போன்றவளாக இருந்தாள். பாதத்தருகே பூக்கள் அவளால் பிறக்கின்றன.

ஃபாக்ஸ்குளோவ் பூவுக்கு அங்கே வரும் சொல் ‘ஃபியோன்’. அதுவும் இன்று வேல்ஸில் பெண்களுக்கு விரும்பி இடப்படும் பெயராகவே இருக்கிறது.

முளைத்தது நான்கு இலைக் குளோவரா?

அன்று. இது அடிக்கடி நேரும் பிழை. மூலத்தில் ‘நான்கு வெள்ளைக் குளோவர்கள்’ என்றே இருக்கிறது. எண் செடிகளுக்கு உரியது, இலைகளுக்கு உரியது அன்று. நான்கு இலை கொண்ட குளோவரைக் கண்டெடுத்தால் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கையை இக்கதையோடு முடிச்சுப் போடுவதற்கு மூலத்தில் இடமில்லை.

வெள்ளைக் குளோவர் எப்படிப்பட்ட செடி?

தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பரவும் பயறு வகைச் செடி. ஒவ்வொரு காம்பிலும் மூன்று சிற்றிலைகள். அவற்றில் பெரும்பாலும் வெளிறிய பிறைக்கோடு ஒன்று இருக்கும். சிறு பூக்கள் பல திரண்டு உருண்டையான ஒரே பூவாகத் தோன்றும். தேனீக்கள் அதைத் தேடி வரும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் நிலைநிறுத்துவதால், இது வளரும் மேய்ச்சல் நிலம் வளம் பெறும்.

இச்செடியின் இன்னொரு குணத்தை இங்கே அவசியம் சொல்ல வேண்டும். கால்களால் மிதிபடுவதையும் கால்நடைகள் மேய்வதையும் இது நன்றாகத் தாங்கும். உயர்ந்து வளரும் புற்களும் பூச்செடிகளும் மிதிபட்டுத் தளர்ந்துபோகும் இடத்தில், தாழ்ந்து படரும் குளோவர் வெளிச்சம் பெற்றுச் செழிக்கும். ஆகவே ஆடுமாடு மேயும் வேல்ஸ் போன்ற நாட்டில் ஒற்றையடிப் பாதைகளின் ஓரத்தில் வெள்ளைக் குளோவர் பூத்திருப்பது அன்றாடக் காட்சி. காலடி பட்ட இடத்தில் பூ எழுந்தது என்று கற்பனை செய்தவர், அதற்கு மிகப் பொருத்தமான செடியையே தேர்ந்தெடுத்திருக்கிறார். வயலையும் வழியையும் உற்றுநோக்கிய ஒருவரின் மனத்தில் பிறந்த கற்பனை இது என்றே நான் கருதுகிறேன்.

தந்தையின் பெயரிலும் ஒரு மரம் இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இஸ்பதாதென் என்ற சொல் ஹாதார்ன் என்னும் முள்மரத்தைக் குறிக்கும் வெல்ஷ் சொல்லோடு ஒன்றுபடுகிறது. கண்ணிமைகள் மிகக் கனமாக இருப்பதால் கவைக்கோல்களை முட்டுக் கொடுத்துத் தூக்கினால்தான் அந்த அரக்கனால் எதிரில் நிற்பவரைப் பார்க்க முடியும். ஹாதார்ன் வேலிக்கு வளர்க்கப்படும் மரம். கூரிய முட்கள் உடையது. மே மாதத்தில் இலையே தெரியாதபடி வெண்மையாகப் பூக்கும். மகளைச் சுற்றி வேலியாக நின்ற தந்தைக்கு அந்தப் பெயர் தற்செயலாக அமைந்தது என்று நம்புவது கடினம். அதே மரத்துக்கு இன்றைய வெல்ஷில் பரவலாக வழங்கும் பெயர் ‘ட்ரைநென் வென்’, அதாவது ‘வெண்முள்’. மகளின் பெயரில் இருக்கும் அதே ‘வென்’ அங்கும் ஒலிக்கிறது.

இதை வைத்துக் குளிர்காலம் இறந்து வசந்தம் பிறக்கும் தொன்மம் இது என்று கூறுபவர்கள் உண்டு. படிக்க அழகான விளக்கம்தான். ஆனால் கதை அப்படி எங்கும் சொல்லவில்லை. ஆகவே அதைப் பெயரின் பொருளாக எழுதிவைப்பது சரியாகாது.

பூக்களால் படைக்கப்பட்ட ப்ளொடெய்வெத் என்பவளும் இவளும் ஒன்றா?

இருவரும் வேறு. ப்ளொடெய்வெத், ‘மபினோகி’ என்னும் இடைக்கால வெல்ஷ் கதைகளின் நான்காம் கிளையில் வருபவள். மனிதப் பெண்ணை மணக்க முடியாதபடி தாயின் சாபம் பெற்ற ஒருவனுக்காக, ஓக், ப்ரூம், மெடோஸ்வீட் ஆகியவற்றின் பூக்களைக் கொண்டு மந்திரவாதிகள் இருவர் அவளைச் செய்கிறார்கள். அவள் வேறொருவனை விரும்பிக் கணவனைக் கொல்லத் திட்டமிட, இறுதியில் ஆந்தையாக மாற்றப்படுகிறாள். அவளைப் பூக்களிலிருந்து பிறர் உண்டாக்கினார்கள். ஒல்வென் தன் நடையால் பூக்களை உண்டாக்குகிறாள். இரண்டுமே மலர் சார்ந்த பெயர்கள் என்று ஒரே பட்டியலில் வைக்கும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. மகளுக்குப் பெயர் தேடும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒல்வென் என்றால் ‘பொற்சக்கரம்’ என்றும், அவள் சூரிய தேவதை என்றும் சில இடங்களில் படித்தேன். அது சரியா?

சரியன்று. வெல்ஷில் பொன்னுக்கு ‘ஐர்’ என்பதே சொல். அது ஒல்வென் என்ற பெயரில் இல்லை. ‘வெள்ளிச் சக்கரம்’ என்று பொருள் கூறப்படும், வெல்ஷ் கதைகளில் வரும் அரியன்ரோத் என்ற பெண்ணின் பெயருக்கு இணையாக ஒரு பெயர் வேண்டும் என்ற விருப்பத்தில் இந்த விளக்கம் பரவியிருக்க வேண்டும். இதில் இன்னொரு குழப்பமும் கலந்திருக்கலாம். வெல்ஷில் ‘ஒல்வின்’ என்று ஒரு சொல் உண்டு. அதன் பொருள் வண்டிச்சக்கரம். ஆங்கில எழுத்தில் ஒல்வென் என்ற பெயரின் கடைசி உயிரெழுத்தான ‘இ’யை மாற்றி ‘ஒய்’ போட்டுவிட்டால் பெயர் சக்கரமாகிவிடும். பார்ப்பதற்குப் புதுமையாக இருக்கிறது என்று அப்படி மாற்றி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வெல்ஷ் தெரிந்த ஒருவர் அதைப் படித்தால் முதலில் நினைவுக்கு வருவது சக்கரமே அன்றிக் குளோவர் அன்று.

இப்பெயர் மக்கள் வழக்கில் எப்போது பரவியது?

கதை பழமையானது, பெயர் வழக்கில் பரவியதோ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர்தான். அதற்கு முதன்மையான காரணம் ஷார்லட் கெஸ்ட் அம்மையார். 1812இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பிறந்த அவர், தென் வேல்ஸின் டவ்லைஸ் இரும்பாலை உரிமையாளரை மணந்து அங்கே குடிபுகுந்தார், வெல்ஷ் கற்றார், பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே பழைய வெல்ஷ் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1838 முதல் 1849 வரை ‘மபினோகியன்’ என்ற தலைப்பில் வெளியிட்டார். சுவடிக்குள் இருந்த ஒல்வென் அதன்பின்தான் வீடுகளுக்குள் வந்தாள். வேல்ஸ் தன் மொழியையும் பழைய பெயர்களையும் மீட்டெடுக்க முனைந்திருந்த அக்காலத்தில் இத்தகைய பெயர்களுக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்த பெண்களிடம் இப்பெயரைப் பரவலாகக் காணலாம். பின்னர் அது பாட்டிமார் பெயராகத் தோன்றத் தொடங்கியது. வரலாற்றறிஞர் ஒல்வென் ஹஃப்டன், அயர்லாந்தில் பிறந்த நடிகை ஒல்வென் ஃபுவெரே ஆகியோர் இப்பெயரால் அறியப்பட்டவர்கள்.

இது ஐரிஷ் பெயரா? ஐரிஷில் இதற்கு இணை உண்டா?

ஒல்வென் வெல்ஷ் பெயர், ஐரிஷ் பெயரன்று. கெல்டிக் மொழிகளில் வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் ஆகியவை ஒரு கிளை. ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், மான் தீவின் மாங்க்ஸ் ஆகியவை மற்றொரு கிளை. முழுப்பெயருக்கு ஐரிஷில் நேர் இணை இல்லை என்றாலும் ‘க்வென்’ என்ற பகுதிக்கு உடன்பிறப்பு உண்டு. மூலமொழியில் வகரத்தில் தொடங்கிய சொற்கள் வெல்ஷில் ‘க்வ’ என்றும் ஐரிஷில் ‘ஃப’ என்றும் திரிந்தன. வெல்ஷ் ‘க்வின்’ ஐரிஷில் ‘ஃபியோன்’ ஆனது அப்படித்தான். ஃபியோனுலா என்ற ஐரிஷ் பெயரின் முற்பகுதியும், வீரன் ஃபியோன் மக் கூலின் பெயரும் இதே வெண்மையைச் சுமப்பவை. (ஃபாக்ஸ்குளோவைக் குறிக்கும் வெல்ஷ் ‘ஃபியோன்’ தமிழ் எழுத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இது வேறு சொல்.)

‘வென்’ என்று முடியும் பிற இயற்கைப் பெயர்கள் எவை?

ப்ளொட்வென் ‘வெண்மலர்’, 1878இல் ஜோசப் பாரி இசையமைத்து அரங்கேறிய வெல்ஷ் மொழி ஓபெராவுக்கும் இதுவே பெயர். எய்ர்வென் ‘வெண்பனி’. ப்ரான்வென் என்பதில் அண்டங்காக்கையைக் குறிக்கும் ‘ப்ரான்’ இருக்கிறது. வெண்மையும் அண்டங்காக்கையும் ஒரே பெயரில் சேர்ந்திருப்பது முதலில் வியப்பாக இருந்தாலும், ‘க்வென்’ பேற்றையும் குறிக்கும் என்பதை நினைத்தால் பொருள் தெளிவாகும்.

வெல்ஷ் மரபைச் சேராதவர்கள் இப்பெயரை இடலாமா?

தாராளமாக இடலாம். இது எந்த ஒரு குடும்பத்துக்கும் சமயத்துக்கும் மட்டும் உரிய பெயரன்று. வெல்ஷ் இன்றும் பேசப்படும் மொழி என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேல்ஸில் மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17.8 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 5,38,000 பேர், வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு ‘ஓல்’ என்பதும் ‘க்வென்’ என்பதும் அகராதியில் தேட வேண்டிய பழஞ்சொற்கள் அல்ல, நாள்தோறும் வாயில் வரும் சொற்கள். அதனால்தான் எழுத்தை மாற்றாமல் இடும்படி வலியுறுத்துகிறேன்.

தமிழில் எப்படி எழுதுவது, எப்படி ஒலிப்பது?

‘ஒல்வென்’ என்று எழுதுவதே சரி. தனியாக நிற்கும்போது ‘ஓல்’ நெடிலாக ஒலிக்கும். பெயருக்குள் வந்ததும் குறிலாகிவிடும். முதல் அசையில் அழுத்தம் விழ வேண்டும். ‘வென்’ என்பதை ‘வெந்நீர்’ என்பதன் முதல் ஒலியைப்போல இயல்பாகச் சொன்னால் போதும். குறிலையும் நெடிலையும் தனித்தனி எழுத்தால் காட்டும் தமிழில் இப்பெயரின் ஒலி ஆங்கில எழுத்தில் இருப்பதைவிடத் தெளிவாக அமைகிறது. ‘ஓல்வின்’, ‘ஆல்வின்’ என்று எழுதினால் முன்னது சக்கரத்தின் பக்கம் சாயும்; பின்னது ஆண்களுக்கு இடப்படும் வேறொரு பெயர்.